காஞ்சிக்குச் செல்லும் வழியில் விருந்து

மிதிவண்டியில் பல நாள் ஊர் ஊராகச் செல்லும் நெடும்பயணத்தில், உடையும் பழுதுபார்க்கும் கருவிகளும் நிறைந்த பைகளோடு மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் நகரும் பயணி, தண்ணீருக்கும் நிழலுக்கும் பஞ்சர் கடைக்கும் வழியிலுள்ள ஊராரையே நம்பியிருக்கிறார். காரில் செல்பவருக்கு வழி கேட்பதோடு முடிந்துவிடும் உறவு, இவருக்கு உணவு, உறக்கம் வரை நீள்வதற்கு இந்தத் தேவையே காரணம். 1963ஆம் ஆண்டில் மிதிவண்டியில் தனியாக டெல்லி வந்துசேர்ந்த அயர்லாந்துப் பெண் டெர்வ்லா மர்ஃபியின் பயணநூல், ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானிலும் அவரை ஏற்று உபசரித்தவர்களைப் பற்றி விரிவாகப் பேசுவதும் இதனாலேயே.

காஞ்சிபுரத்துக்கு வரும் வழிப்போக்கரைப் பற்றி இதைவிட மிகப் பழைய சான்று தமிழிலேயே உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வள்ளல் இருக்குமிடத்தையும் அங்கே செல்லும் வழியையும் கூறுவதே ஆற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனிடம், அவன் நாட்டில் வழிப்பறி செய்வோர் இல்லை என்றும், வேண்டிய இடத்தில் இளைப்பாறிச் செல்லலாம் என்றும் முதலில் உறுதி கூறப்படுகிறது. அதன் பின்னரே விருந்து வருகிறது. வேட்டுவரான எயினர் புல்லரிசிச் சோற்றையும் உப்புக்கண்டத்தையும், ஆயர் தினைச்சோற்றைப் பாலோடும், மருதநிலத்து உழவர் நெற்சோற்றைக் கோழிப்பொரியலோடும், அந்தணர் மாதுளங்காய்க் கறியையும் மாவடுவையும் தருவர் என்று 500 அடிகள் கொண்ட அந்நூல் நிலம் நிலமாகச் சொல்லிச் செல்கிறது. அரசனின் கொடையைவிட இப்பகுதியே நூலின் உயிர் எனத் தோன்றுகிறது. ஏனெனில் இங்கே தருபவர் எவரும் தத்தம் நிலத்தில் கிடைப்பதையே தருகின்றனர். வழியில் அச்சம் இருக்குமானால் வருபவரும் வரவேற்பவரும் ஒருவரையொருவர் நம்ப இயலாது என்பதையும் புலவர் நன்கு அறிந்திருக்கிறார்.

இன்றைய வழியில் அச்சம் தருபவை சரக்கு லாரிகள். சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக வரும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 75 கிலோமீட்டரில் காஞ்சியை எட்டச் செய்தாலும், தொழிற்சாலை வாகனங்களுக்கு நடுவே நின்று பேச அதில் இடமில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிளைச்சாலைகளில் செல்பவருக்கோ, டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்தவுடன் எந்த ஊர், எவ்வளவு தூரம், வீட்டில் யார் யார் என்ற கேள்விகள் தொடங்கிவிடும். பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கும் மாநிலத்தில், செயின் கழன்று நிற்பவரின் சங்கடத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நகருக்குள் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில், பாவு எனப்படும் நீளவாட்டு நூலை விடியற்காலையில் தெருவில் நீட்டி ஒழுங்குபடுத்துவதுண்டு. அப்போது வண்டியை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு ஓரமாகச் செல்வதே மரியாதை, பேச்சும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தறியைக் காண அழைக்கும் நெசவாளர், புடவைக் கணக்கில் கூலி பெறுபவர் என்பதையும், உடலையும் கரையையும் ஊடை எனப்படும் தனித்தனிக் குறுக்கு நூலால் இணைக்கும் கோர்வை நெசவுக்கு இருவர் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதையும் விருந்தினர் மறக்கலாகாது. அவர்கள் எழுந்துவந்து பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடைய கூலியிலிருந்து போவதாகும். கோயில் வாசலில் தரகுக்காகக் கடைக்கு அழைத்துச்செல்பவரின் அன்பு நெசவாளரின் அழைப்பிலிருந்து வேறானது, இரண்டையும் ஒன்றாக எண்ணுவது நெசவாளருக்குச் செய்யும் அநீதி.

இரவுத் தங்கல் மட்டும் சற்றுக் கடினம். முன்பு வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் இருந்தன. இன்று அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் விடுதிகள் பிடித்துவிட்டன. வெளிநாட்டவரைத் தங்கவைப்போர், அது தம் சொந்த வீடே ஆயினும், 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருப்பதால், மாலை முழுவதும் மகிழ்ந்து பேசிய குடும்பமே இருட்டியதும் தயங்கக்கூடும். அத்தகைய வேளையில் அவர்களை வற்புறுத்தாமல், கல்யாண மண்டபக் காவலரையோ பெட்ரோல் பங்க் ஊழியரையோ அணுகி இடம் கேட்பது மிதிவண்டிப் பயணிகளிடையே வழக்கமாக உள்ளது.