உஷார்! அந்த ஒப்பந்தம் உங்கள் சாவிக்கடையைக் காப்பாற்றாது

ஆள் வைத்துப் பூட்டு சாவிக் கடை நடத்துகிறவர்கள் உடனே கவனிக்க வேண்டிய விஷயம் இது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுக்க அமலுக்கு வந்துவிட்டன. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இதைக் கேட்டதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடி, நெட்டில் கிடைக்கும் ஏதோ ஒரு வேலை ஒப்பந்தப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுத்துவிடாதீர்கள்! அவற்றில் பல, அமெரிக்கச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை.

"எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நீக்கலாம்" என்று அதில் ஒரு வரி இருக்கும். தமிழ்நாட்டில் அது நிற்காது. 1947-ம் வருட கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தரவேண்டும். திருட்டு, மோசடி என்று குற்றம் சாட்டினால் நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் முறையாக விசாரித்து, ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்தது, முதலாளிகள் ரொம்பவும் நம்பும் வரி: "வேலையை விட்டபின் இரண்டு வருஷத்துக்கு இந்த ஊரில் சாவிக்கடை வைக்கக் கூடாது." 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு இதைச் செல்லாது என்கிறது. தொழில் கற்றவன் பக்கத்துத் தெருவிலேயே கடை போடலாம், தடுக்க முடியாது. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் வீட்டுச் சாவி எண், கார் சிப் சாவியின் விவரம், மாஸ்டர் கீ எந்த அபார்ட்மென்ட்டுக்கு என்ற பட்டியல் ஆகியவற்றை அவன் எடுத்துப் போவதைத் தடுக்கலாம். கடையைக் காப்பாற்றும் வரி இதுதான். பலருடைய ஒப்பந்தத்தில் இல்லாததும் இதுதான். எந்தெந்த விவரம் ரகசியம், வேலையை விடும்போது எவற்றையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து இரவு நேர அழைப்பில் இருக்கிறது. பதினோரு மணிக்கு ஒருவர் போன் செய்கிறார்: "அண்ணே, சாவி தொலைஞ்சிடுச்சு, வீட்டுக்கு வெளிய நிக்கிறேன்." உங்கள் கடைப் பையன் போய்த் திறந்துவிடுகிறான். காலையில் பார்த்தால், அழைத்தவர் வீட்டுக்காரர். உள்ளே குடியிருப்பவரோடு வாடகைத் தகராறு. அல்லது பிரிந்து வாழும் கணவர். அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் வீடு உடைத்தல் கணக்கில்தான் சேர்க்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-வது பிரிவு. ஏமாந்துபோய்த் திறந்தவன்தான் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று மாய்ந்து மாய்ந்து விளக்க வேண்டியிருக்கும்.

ஆகவே ஒப்பந்தத்தில் வேலை முறையையும் எழுதுங்கள். அழைத்தவரின் அடையாள அட்டை, அந்த வீட்டில் குடியிருப்பதற்கான சான்று, பக்கத்து வீட்டுக்காரர் அல்லது வாட்ச்மேனின் உறுதி, நேரம், கையெழுத்து எல்லாம் ரெஜிஸ்டரில் ஏறிய பிறகே பூட்டில் கை வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் திறக்க மறுப்பது தொழிலாளியின் உரிமை, அதற்காக அவர் மேல் நடவடிக்கை கிடையாது என்ற வரியும் அவசியம் வேண்டும். அந்த வரி இல்லையென்றால், முதலாளி திட்டுவாரே என்ற பயத்தில் பையன் திறந்துதான் விடுவான். "என்ன நடந்தாலும் தொழிலாளியே பொறுப்பு" என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் அனுப்பிய வேலைக்குக் கேள்வி உங்களிடமும் வரும்.

பணத்துக்கு வருவோம். சிப் சாவி வீணானால் முழு விலையையும் சம்பளத்தில் பிடிப்பது பல கடைகளில் வழக்கம். பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால்தான் கெட்டது என்றால் பிடிக்கலாம். அதற்கு முன் அவர் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலையை விட்டவருக்குப் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் போய்ச்சேர வேண்டும். "அடுத்த மாசம் வா" என்று இனி இழுத்தடிக்க முடியாது. கீ கட்டிங் மெஷினிலிருந்து பித்தளைத் தூள் கண்ணில் தெறித்தாலோ, கடை வேலையாகப் போகும்போது பைக் விபத்து நடந்தாலோ, "கடை பொறுப்பல்ல" என்ற வரி உதவாது.

வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கும் ஓர் எச்சரிக்கை: வெற்று முத்திரைத்தாளிலோ தொகை எழுதாத செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். ஒப்பந்தம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்கட்டும். பிரதி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களே, பழைய படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்தால் அதை இந்த வாரமே ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டித் திருத்துங்கள். அதுவரை இரவு அழைப்புக்குப் பையனைத் தனியாக அனுப்பாதீர்கள்.