தறிக்குழியில் தேங்கும் ஆபத்து

தீயும் நாமும் – 9

சென்னை தியாகராய நகரில் 2017 மே 31 அன்று பல மாடி ஜவுளிக்கடை ஒன்று எரிந்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க நேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தகைய கடைகளுக்குத் தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும். அங்கே விற்பனைக்கு வரும் பட்டுச்சேலை எந்த வீட்டில் நெய்யப்படுகிறதோ, அந்த வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் அந்த வீட்டுக்குள் போவோம்.

வாலாஜாபாத் பக்கத்தில், பெரிய ஏரியை ஒட்டி இருக்கும் ஊர் தென்னேரி. காஞ்சிப் பட்டு நெய்யும் ஊர்களில் இதுவும் ஒன்று. இங்கே நெசவாளர் வீட்டுக் கூடம்தான் பட்டறை. பாதி இடத்தைத் தறி பிடித்துக்கொள்ளும். மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் அட்டைகள். நெய்பவர் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்கிறார். சில அடி தள்ளி அடுப்படி, கேஸ் சிலிண்டர். ஒன்றிரண்டு தறி ஓடும் வீடு சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலை ஆகாது. அதனால் ஆய்வும் இல்லை, அலாரமும் இல்லை.

பட்டு எளிதில் பற்றாது என்று நெசவாளர்கள் சொல்வது உண்மைதான். அசல் பட்டா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்துவார்கள். தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும். நெருப்பை விலக்கினால் தானே அணையும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டராக இருந்தால் உருகிக் கெட்டியாகிவிடும்.

ஆனால் தறியில் பட்டு மட்டுமா இருக்கிறது? அட்டை, மரச்சட்டம், பருத்திக் கயிறு எல்லாம் பற்றக்கூடியவை. அந்தத் தீயில் பட்டும் சேர்ந்து கருகும். பட்டு ஒரு புரதம். அதில் நைட்ரஜன் உண்டு. காற்றோட்டம் இல்லாத அறையில் அது புகைந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சும் கிளம்பும். தூங்குகிறவரைத் தீ நெருங்குமுன் புகை கொன்றுவிடும்.

இன்னோர் ஆபத்து காலடியில் இருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அந்த வீட்டில் இருக்கும் பள்ளம் தறிக்குழிதான். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு சுவிட்சின் பொறியில் பற்றிக்கொள்ளும். இதே வட்டாரத்தில், தேவரியம்பாக்கத்தில், 2022 செப்டம்பர் இறுதியில் ஒரு கேஸ் கிடங்கு தீப்பிடித்துப் பலர் கருகினார்கள், உயிர்களும் போயின. அது கிடங்கு, இது வீடு. கேஸின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே அலாரத்தை வாங்கினால் மட்டும் போதாது, இடம் பார்த்து மாட்ட வேண்டும். புகை மேலே போகும். புகை அலாரம் கூரையில் இருக்க வேண்டும். கேஸ் கீழே இறங்கும். அதன் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அடுப்படிக்கும் தறிக்குழிக்கும் நடுவே இருக்க வேண்டும். கேஸ் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு 1906-ஐ அழையுங்கள். தீ என்றால் 101.

வாசலை மறித்து பைக்கை நிறுத்தாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் மாண்டதற்குக் கூரைக் கீற்று மட்டும் காரணமில்லை. தப்பிக்கப் போதிய வழி இல்லாததும் காரணம்.

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. நல்ல திட்டம். அந்த மின்சாரம் ஓடும் பழைய ஒயரைச் சோதிப்பதும், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும், வீட்டுக்கு இரண்டு அலாரம் கொடுப்பதும் அதே திட்டத்தில் சேர வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும்.

(தொடரும்)