மூளையதிர்ச்சியும் வேலைக்கு மீளும் வழியும்

'எண்சாண் உடம்பிற்குத் தலையே பிரதானம்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும், கை முறிந்தவனுக்கு ஆறு வாரம் ஓய்வு கொடுக்கத் தயங்காத நாம், தலையில் அடிபட்டவனை மறுநாளே வேலைக்கு அழைக்கின்றோம். ஏன்? முறிந்த கையில் கட்டு தெரிகின்றது. அதிர்ந்த மூளையில் கட்டு ஏதும் தெரிவதில்லை. மூளையதிர்ச்சி என்றால் யாது, அதற்கு ஆளானவர் எவ்வாறு தொழிலுக்குத் திரும்புதல் வேண்டும், வேலை கொடுப்போர் கடமை என்ன என்பவற்றை இங்குச் சுருங்கக் கூறுவேன்.

சித்தூரிலிருந்து மொகிலிக் கணவாய் ஏறிப் பலமனேர் செல்லும் சாலையை நம்மில் பலர் அறிவோம். 2024 செப்டம்பரில் அக்கணவாயில் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் மாண்டது நினைவிருக்கும். அத்தகைய பெருவிபத்துகள் செய்தித்தாளில் இடம்பெறுகின்றன. இருசக்கர வண்டி சறுக்கி விழுவதும், லாரியின் மேலிருந்து கால் தவறி விழுவதும் செய்தியாவதில்லை. இந்தியாவில் நேரும் மூளைக் காயங்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு சாலை விபத்தாலும், 20 முதல் 25 விழுக்காடு கீழே விழுவதாலும் ஏற்படுகின்றன என்று பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் குருராஜ் கணித்துள்ளார். இவற்றுள் பெரும்பாலானவை 'இலேசான' காயம் என்னும் வகையைச் சார்ந்தவை. மூளையதிர்ச்சி இவ்வகையினதே.

இலேசானது என்று சொல்லப்படும் இக்காயத்தில் நிகழ்வது என்ன? உயிர்வேதியியல் பயிலும் என்னை வியக்கவைத்த செய்தி இது. மூளை உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்கின்றது. தலை சட்டென்று அதிரும்போது நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே பாய்கின்றது. சோடியமும் கால்சியமும் உள்ளே புகுகின்றன. கலைந்த இவ்வொழுங்கை மீண்டும் நிலைநாட்ட, அணுச்சவ்விலுள்ள 'பம்புகள்' ஓயாது உழைக்கின்றன. அதற்குக் குளுக்கோசு மிகுதியாகத் தேவை. அந்நேரம் பார்த்து மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமோ குறைந்துவிடுகின்றது. தேவை மிகுதி, வரவு குறைவு! கடன்பட்ட குடும்பம் போன்ற இந்நிலை சீராகச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். அணுக்களின் வேதியியலில் நிகழும் இம்மாறுதல் சி.டி. ஸ்கேன் படத்தில் தெரியாது. படம் தெளிவாயிருப்பது மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்பதற்கே சான்று. மனிதர் முற்றிலும் நலம் என்பதற்குச் சான்று ஆகாது.

தலைவலி, கிறுகிறுப்பு, களைப்பு, மறதி, ஒளியும் ஓசையும் பொறாமை, காரணமின்றி எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். நினைவிழப்பு எல்லோருக்கும் ஏற்படுவதில்லை. ஆனால் அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பலமனேரில் எங்கள் தெருவில் சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் தக்காளிப் பெட்டி ஏற்றுகையில் லாரியிலிருந்து விழுந்தார். ஸ்கேனில் குறையில்லை. மூன்றாம் நாள் மண்டிக்குப் போனவர், பத்துப் பெட்டி தூக்குமுன் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். "படம் சரியாயிருக்கிறதே, அப்புறம் என்ன?" என்றாராம் மேஸ்திரி. இதனுடன் இன்னொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. அவருக்கு மாற்றாகச் சகால் இறங்கிப் பந்து வீசினார். மூளையதிர்ச்சிக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கும் அவ்விதியைச் சர்வதேசக் கிரிக்கெட் 2019இல் ஏற்றுக்கொண்டது. ஆட்டக்காரரின் மூளைக்கு ஒரு விதி உண்டு. மூட்டை தூக்குவோரின் மூளைக்கு உண்டா? இரண்டும் ஒரே மூளைதானே!

இனி, மீளும் வழியைக் காண்போம். முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு வேண்டும். மதுவும், மருத்துவரைக் கேளாத மாத்திரையும் வேண்டா. ஆனால் நாட்கணக்கில் இருட்டறையில் கிடக்க வேண்டும் என்னும் பழைய கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. அதன்பின் சிறு நடை, வீட்டு வேலை எனத் தொடங்கலாம். அறிகுறிகள் சிறிது தோன்றி விரைவில் அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. மிகுந்தால் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த படி அரைநாள் வேலை. முதலில் நேரத்தை உயர்த்துக. பிறகு சுமையை உயர்த்துக. இரண்டையும் ஒருங்கே உயர்த்தற்க. ஏணி ஏறுதல், இயந்திரம் இயக்குதல், வண்டி ஓட்டுதல் ஆகியவை மருத்துவர் இசைவு தந்த பின்னரே. தலைசுற்றும் ஓட்டுநர் தமக்கு மட்டுமன்றி ஐம்பது பயணிகளுக்கும் ஆபத்து அன்றோ? கணினியின் முன் அமர்வோருக்கு அடிக்கடி இடைவேளையும் அமைதியான இடமும் தேவை. பெரும்பாலோர் சில வாரங்களில் முழு நலம் பெறுவர். இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே நோயாளிக்கு எடுத்துரைப்பதும் ஒரு மருந்து. மூன்று மாதம் கடந்தும் தொல்லை நீடித்தால் நரம்பியல் வல்லுநரைக் காண வேண்டும்.

வேலை கொடுப்போர் செய்யத்தக்கது பெரிதன்று. நான் கூறிய அண்ணனுக்குப் பின்னர் நிழலில் அமர்ந்து பெட்டி எண்ணும் வேலை தரப்பட்டது. நான்காம் வாரம் அவர் மீண்டும் சுமை தூக்கினார். அவ்விலகுவான வேலையை முதல் நாளே கொடுத்திருக்கலாம்! தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்க்குப் பணியிடக் காயத்தால் வேலை செய்ய இயலாத காலத்தில் ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். குறை நிலைத்துவிட்டால், அரசு ஊழியரை அக்காரணம் காட்டி நீக்கலாகாது, அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நாட்கூலிக்காரருக்கோ இவை பெரும்பாலும் எட்டாக்கனி. அவரைக் காப்பது மேஸ்திரியின் மனமும் உடன் உழைப்போரின் தோளுமே.

பணியை மனிதனுக்கேற்ப மாற்றினால் என்ன விளையும் என்பதற்கு வேலூரே சான்று. 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அங்கு மறுவாழ்வு மருத்துவத்தையும் வளர்த்தார். அவருடைய காயம் வேறு. நமக்கு அது கற்பிக்கும் பாடம் ஒன்றே.

நண்பர்களே! நம் தந்தையரும் அண்ணன்மாரும் மண்டியிலும் கட்டடத்திலும் லாரியிலும் உழைப்பவர்கள். அவர்களுக்குத் தலையில் அடிபட்ட நாளில், மருத்துவர் எழுதித் தரும் ஆங்கிலச் சீட்டைத் தமிழிலும் தெலுங்கிலும் மேஸ்திரிக்கு விளக்கிச் சொல்ல நம்மை விட்டால் யார் உளர்? கற்ற அறிவியல் அங்கே பயன்படட்டும்.