ரெசினுக்குள் எத்தனை முக்கோணம்?

குழாய் ஒழுகினால் பிளம்பர் எம்-சீல் வாங்கி வரச் சொல்வார். இரண்டு துண்டிலும் சம அளவு கிள்ளி, இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைந்து அப்புவார். சில மணி நேரத்தில் அது கல்லாகிவிடும். அரால்டைட்டின் இரண்டு டியூபும், புதுக்கோட்டை மாவட்டத்து மாத்தூர் தொழிற்பேட்டையைப் போல இரும்பு வேலை நடக்கும் இடங்களில் பூசும் எப்பாக்ஸி பிரைமரும் இதே குடும்பம்தான். ஒன்று ரெசின், மற்றது ஹார்டனர்.

ஹார்டனர் குறைந்தாலும் கூடினாலும் பூச்சு உறுதியாக இறுகாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் வீசும் உப்புக்காற்றுக்கு அந்தக் குறை போதும், இரும்பு துருவேறும்.

சரியான அளவைச் சொல்வது எப்பாக்ஸி தொகுதி. இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த சின்ன முக்கோணம் அது. வளைத்துக் கட்டிய மூங்கில்போல விறைத்து நிற்பதால் எளிதில் அவிழும். ஹார்டனர் பிடித்துக்கொள்வது இந்த முக்கோணங்களைத்தான். ஆகவே அவற்றை எண்ண வேண்டும்.

அதற்கு 1964-இல் ஜே என்பவர் வெளியிட்ட முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 0.38 கிராம் ரெசினைக் குடுவையில் கரைத்து, அசிட்டிக் அமிலத்தில் கரைத்த டெட்ராஎத்தில் அம்மோனியம் புரோமைடையும் சில சொட்டு கிரிஸ்டல் வயலெட்டையும் சேர்க்கிறார்கள். பியூரெட்டிலிருந்து பெர்குளோரிக் அமிலம் சொட்டுச்சொட்டாக விழுகிறது. குடுவைக்குள்ளேயே ஹைட்ரஜன் புரோமைடு உண்டாகி, ஒரு மூலக்கூறுக்கு ஒரு முக்கோணம் என்று அவிழ்க்கிறது. அவிழ்க்க முக்கோணம் இல்லாதபோது அமிலம் மிஞ்சும்; கிரிஸ்டல் வயலெட்டின் நீலம் பச்சையாகும். அங்கே நிறுத்த வேண்டும்.

0.1 நார்மல் அமிலம் 20 மில்லி செலவானால், குடுவையில் இருந்தது 0.002 மோல் எப்பாக்ஸி. 0.38-ஐ 0.002-ஆல் வகுத்தால் 190. இதுவே எப்பாக்ஸி சமான எடை: 190 கிராம் ரெசினில் ஒரு மோல் முக்கோணம். டிரைஎத்திலீன்டெட்ராமின் என்ற ஹார்டனரின் சமான எடை சுமார் 24. எனவே 100 கிராம் ரெசினுக்கு ஏறத்தாழ 13 கிராம் போதும். சமான எடை 500 உள்ள ரெசினுக்கோ 5 கிராம்தான்.

பிளஸ் டூ ஆய்வகத்தில் பியூரெட் பிடித்த கைக்கு இந்தச் சோதனை புதிதல்ல. பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ரெசின் வாங்கும்போது தரச்சான்றிதழில் சமான எடையைப் பாருங்கள். கைக்கணக்கை நம்பாமல், அந்த எண்ணை நம்பிக் கலக்குங்கள்.