கிணற்றை நிரப்பும் தடுப்பணை

கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; தமிழகத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனாலும் 2016இல் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடு குறைந்தபோது, 14 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. மலைக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு, சரிவு அதிகம். பெய்த மழையில் பெரும்பகுதி ஓரிரு நாளில் அரபிக்கடலைச் சேர்ந்துவிடுகிறது.

அந்த ஓட்டத்தைத் தணிக்க, திருவனந்தபுரம் மாவட்டத்துக் காட்டாக்கடை சட்டமன்றத் தொகுதியின் ஆறு ஊராட்சிகளில் ‘ஜலசம்ருத்தி’ திட்டம் நடக்கிறது. பண்ணைக்குட்டை வெட்டுவது, கூரைநீரைக் கிணற்றுக்குள் விடுவது ஆகியவற்றோடு ஓடைகளில் தடுப்பணை கட்டுவதும் அதில் சேரும்.

தடுப்பணை என்பது ஓடைக்குக் குறுக்கே இடுப்பளவோ ஆளுயரமோ எழும்பும் சுவர். 4 மீட்டர் அகல ஓடை, 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் உயரச் சுவர் எழுப்பினால் நீர் 100 மீட்டர் பின்னோக்கித் தேங்கும். கொள்ளளவு சுமார் 2 லட்சம் லிட்டர். பார்வைக்கு இவ்வளவுதான். ஆனால் தேங்கிய நீர் அடியிலும் கரையிலும் ஊறி இறங்க, ஒவ்வொரு மழைக்கும் அணை மறுபடி நிரம்புகிறது. நுண்துளைகள் நிறைந்த செம்புரைக்கல் மண் அந்த நீரை உள்வாங்கி, அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குக் கசியவிடுகிறது. உண்மையான நீர்த்தேக்கம் நிலத்தடியில்தான்.

இடத்தேர்வு முக்கியம். ஓடை குறுகி, கரை உயர்ந்து உறுதியாக இருக்கும் இடமே ஏற்றது. சுவரின் இரு முனைகளும் கரைக்குள் ஆழப் பதியாவிட்டால் வெள்ளம் பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு போய்விடும். வழிந்து விழும் நீர் அடித்தளத்தைக் குடையாதிருக்கக் கீழ்ப்புறம் கல்தளம் வேண்டும். செங்குத்தான மலைச்சரிவில் நீரைத் தேக்கி மண்ணில் இறக்குவது மண்சரிவுக்கு வழிவகுக்கும். அங்கே இது கூடாது.

பலகை பொருத்தும் தடுப்பணைகளும் உண்டு. துலாமாத (ஐப்பசி) மழை ஓயும் தறுவாயில் பலகைகளைச் செருகினால் கோடைக்கு நீர் நிற்கும். ஜூன் மழைக்கு முன் எடுத்துவிட்டால் வெள்ளமும் வண்டலும் தடையின்றிப் போகும். நேரம் தவறினால் ஒன்று அணை வறண்டு கிடக்கும், இல்லையேல் மண்மேடாகும்.

ஆகவே, உங்கள் ஊருக்குப் புதிய தடுப்பணை கேட்டு மனு எழுதும் முன், இருக்கிற அணையில் பலகை உண்டா, வண்டல் அள்ளப்பட்டதா என்று ஊராட்சியில் கேளுங்கள்.