டயருக்கும் வயது உண்டு!

பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கு பெரிய காய்கறிச் சந்தை உண்டு. அங்கிருந்து கேரளத்துக்குக் காய்கறி போகிறது.

அந்த ஊரில் இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவருக்கு ஒரு பழைய "குட்டி யானை" வண்டி சொந்தம். 2005-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டாட்டா ஏஸ் வண்டியைத்தான் மக்கள் செல்லமாக அப்படி அழைக்கிறார்கள். அந்த வண்டிதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது.

வண்டியின் பின் டயர் இரண்டும் மொட்டையாகி விட்டன. கணவனும் மனைவியும் டயர் கடைக்குப் போகிறார்கள். கடையில் பழைய டயர்களும் இருக்கின்றன. கறுப்புப் பாலிஷ் போட்டு, புதிது போல மின்னுகின்றன.

"பட்டன் நன்றாக இருக்கிறது. விலையும் பாதிதான். இதையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும்" என்கிறார் கணவர்.

மனைவி குனிந்து டயரைப் பார்க்கிறாள்.

"ஏங்க, இதில் 1217 என்று போட்டிருக்கிறதே! விலையா?"

கடைக்காரர் சற்றுத் தயங்குகிறார். பிறகு, "விலை இல்லை, அம்மா. அது டயர் பிறந்த தேதி" என்கிறார்.

4 எண்கள்

ஆம்! ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 4 எண்கள் இருக்கும். முதல் இரண்டு எண்கள் வாரத்தைக் குறிக்கும். கடைசி இரண்டும் ஆண்டைக் குறிக்கும்.

1217 என்றால், 2017-ம் ஆண்டின் 12-வது வாரம். அதாவது மார்ச் மாதம். 3524 என்றால், 2024-ம் ஆண்டு ஆகஸ்டு கடைசி. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். காணவில்லை என்றால், டயரைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஓடாத டயருக்கும் வயது ஏறும். காற்றும் வெயிலும் சூடும் பட்டு ரப்பர் இறுகும். மெல்லிய வெடிப்புகள் தோன்றும். அந்த வெடிப்புகளைப் பாலிஷ் மறைத்துவிடும்.

6 ஆண்டு ஆனதும் டயரை மாற்றும்படி பல மோட்டார் கம்பெனிகள் சொல்கின்றன. பட்டன் தேயாவிட்டாலும் 10 ஆண்டுக்கு மேல் ஓட்டவே கூடாது என்று டயர் கம்பெனிகள் எச்சரிக்கின்றன.

டயர் ஏன் வெடிக்கிறது?

டயரில் காற்று குறைந்தாலும், லோடு மிகுந்தாலும், ஓடும்போது பக்கவாட்டு அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். அதனால் சூடு ஏறும். உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். கடைசியில் "டமார்" என்று வெடிக்கும். வயதான டயர் இந்தச் சூட்டைத் தாங்காது. நள்ளிரவில், நிறைந்த லோடுடன், ஒரு டயர் வெடித்தால் வண்டி எங்கே போகும்?

அளவு பார்த்து வாங்குங்கள்

குட்டி யானையின் டயரில் "145 ஆர் 12 எல்.டி." என்று இருக்கும். 145 என்பது அகலம், மில்லி மீட்டரில். "ஆர்" என்றால் ரேடியல் டயர். 12 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். "எல்.டி." என்றால் சிறு லாரிக்கு உரியது என்று பொருள்.

"8 பிளை" என்றும் எழுதியிருக்கும். அது டயரின் பலத்தைக் குறிக்கும். விலை குறைவு என்று கார் டயரையோ, குறைந்த பிளை டயரையோ லோடு வண்டிக்குப் போடக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்க்க வேண்டும்.

ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களும் ஒரே அளவாக, ஒரே ரகமாக இருக்க வேண்டும். நான்கையும் வாங்கப் பணம் இல்லையா? இரண்டு இரண்டாக மாற்றலாம்.

ரீட்ரேடிங் செய்யலாமா? பஸ், லாரிகளுக்கு அது வழக்கம்தான். ஆனால் மேலே ஒட்டும் ரப்பர்தான் புதிது. உள்ளே இருக்கும் டயருக்குப் பழைய வயதுதான்!

எப்போது மாற்றுவது?

பட்டன் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

குழந்தைக்காகப் பிறந்தது

1880-களில் அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் இருந்தார். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காக அவர் காற்றடைத்த டயரைச் செய்தார். சிறுவன் விளையாடிய அந்த டயர்தான், பிறகு உலகம் எங்கும் ஓடியது!

நான்கு உள்ளங்கை

டயர் முழுவதும் தரையில் படுவதில்லை. ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான் தரையைத் தொடுகிறது. வண்டி, லோடு, ஓட்டுகிறவர் உயிர், எல்லாம் அந்த நான்கு உள்ளங்கை அளவு ரப்பரின் மேல்தான் இருக்கின்றன.

"பள்ளிக்கூடப் பணத்துக்கு என் சீட்டுப் பணம் இருக்கிறது. நீங்கள் ராத்திரியில் மலை ஏறி இறங்குகிறவர். புது டயரே வாங்குங்கள்" என்கிறாள் மனைவி.

கணவர் பதில் பேசவில்லை. இரண்டு புது டயர்களை எடுக்கச் சொல்கிறார். பணத்தைக் கொடுக்கும் முன், அவரே குனிந்து அந்த 4 எண்களைப் படிக்கிறார்.