பாறையூடே நீர் ஓடும் இடம்

இயற்கை சமைத்த கோலங்களுட் சில கண்ணை மட்டும் கவரும். வேறு சில கருத்தையும் கவர்ந்து பாடமொன்றைப் புகட்டும். ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வடவெல்லையில், பேஜ் என்னும் சிறு நகரின் அருகேயுள்ள ஒடுங்கிய மலையிடுக்கு இரண்டாம் வகையினது. உலாச் செல்வோர் அதனை அன்ரிலோப் கன்யன் என்பர். முன்னாளில் அங்கு மேய்ந்த ஒருவகை மானினால் வந்த பெயர் அது. அந்நிலத்துக்குரிய நவஹோ மக்களோ அதன் மேற்பகுதியைச் 'செ பிகானிலினி' என வழங்குவர். பாறைகளினூடே நீர் ஓடும் இடம் என்பது அதன் பொருள். வறண்ட பாலையிலுள்ள இடமொன்றுக்கு நீரை வைத்துப் பெயரிட்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்போமாக.

முதற்கண் அப்பாறை உண்டான வகையை அறிதல் வேண்டும். ஏறத்தாழப் பத்தொன்பது கோடி ஆண்டுகளுக்கு முன், யுராசிக் எனப்படும் காலத்தில், அந்நிலம் பரந்த மணற்பாலையாயிருந்தது. காற்றுக் குவித்த மணற்குன்றுகள் ஒன்றன்மேலொன்றாகப் படிந்து, நிலத்தடி நீர் விட்டுச்சென்ற கனிப்பொருள்களாற் பிணைப்புண்டு மணற்கல்லாயின. இடுக்கின் சுவர்களில் இன்றும் சரிவாகக் காணப்படும் நுண்ணிய கோடுகள் அப்பழைய குன்றுகளின் சரிவுகளேயாம். சுவர்களின் செந்நிறம் மணலிற் கலந்த இரும்பொட்சைட்டினால் ஆயது.

இம்மணற்கல்லிலே வெடிப்புகள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியும் வெயில் காயும் அந்நாட்டில், கோடையின் பிற்பகுதியிலே இடியுடன் கூடிய பெருமழை சில வேளைகளிற் பெய்யும். மரஞ்செடிகள் அருகிய பாறைத் தரை அந்நீரை எளிதில் உறிஞ்சாது. பரந்த நிலத்திற் பெய்த நீர் ஓரோடையிற் கூடி, சிறிது நேரத்துள் வெள்ளமாகி வெடிப்பினுட் புகும். அகன்ற வழியில் மெல்லச் செல்லும் நீர் ஒடுங்கிய வழியில் உயர்ந்து விரைந்து பாய்வதை நாம் அறிவோம். அதனோடு அள்ளுண்டு வரும் மணல் அரம்போலப் பாறையைத் தேய்க்கும். நீர் சுழித்த இடங்கள் குழிந்து வளைந்தன. வழியோ அகலத்தினும் ஆழத்தில் மிகுந்தது. இவ்வாறு எண்ணிறந்த வெள்ளங்கள் குடைந்த குடைவே இன்று நாம் காணும் இடுக்கு.

இதனைக் காணத் தனித்துச் செல்லுதல் இயலாது. 1997 முதல் இது நவஹோ மக்களின் பூங்கா. அவர்தம் இசைவு பெற்ற வழிகாட்டியுடனேயே செல்லுதல் வேண்டும். மேலிடுக்குக்குச் செல்வோர் மணலோடை வழியே வண்டியிற் சென்று வாயிலில் இறங்குவர். ஏறத்தாழ 200 மீற்றர் நீளமான அதன் தரை மணற்றரை. சுவர்களோ ஏறக்குறைய 40 மீற்றர் உயர்ந்து, மேலே ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். கோடை நண்பகலில் ஞாயிறு உச்சியிலே நிற்கையில், பிளவினூடாக ஒளிக்கதிர் தூண்போல் இறங்கும். ஒரு சுவரிற் பட்ட ஒளி மறுசுவருக்குத் தெறிக்க, மேலே செம்மஞ்சளும் ஆழத்தில் ஊதாவும் தோன்றும். கீழிடுக்கு இதற்கு மாறாக மேலே அகன்று அடியில் ஒடுங்கியது. 400 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. அதனுள் ஏணிப்படிகளால் இறங்கி, சில இடங்களில் உடலைச் சாய்த்து நடத்தல் வேண்டும்.

இவ்வழகில் ஈடுபட்டோர் மறத்தற்கெளிய உண்மை ஒன்றுண்டு. உள்ளே நிற்பவருக்கு வானம் ஒரு கீற்றாகவே தெரியும். தொலைவிற் பெய்யும் மழை தெரியாது. 1997ஆம் ஆண்டு ஓகஸ்ற் 12ஆம் நாள், கீழிடுக்கின் அருகே மழை மிகச் சிறிதே பெய்தது. ஆயின் பல மைல்களுக்கப்பால் ஓடையின் மேற்புறத்திற் கொட்டிய இடிமழை பெருவெள்ளமாய்த் திரண்டு இடுக்கினுட் பாய்ந்தது. உள்ளிருந்தோருட் பதினொருவர் மாண்டனர். வழிகாட்டியொருவரே உயிர் தப்பினார். அந்நாளில் மரத்தாலாயிருந்த ஏணிகளும் வெள்ளத்தில் அள்ளுண்டன.

வழிகாட்டி உடனிருந்தமை மட்டும் அன்று போதவில்லை. ஏனெனில், இடுக்கினுள் நிற்கும்போது அவர் கண்ணும் ஏனையோர் கண்ணைப் போன்றதே. ஆகவே அதன்பின் உறுதியான உலோகப் படிகள் பாறையிற் பொருத்தப்பட்டன. ஆபத்து வேளையில் மேலிருந்து இறக்குவதற்கு வலைகள் வைக்கப்பட்டன. வானிலைச் செய்தியை வானொலியிற் கேட்டு, வேண்டும்போது எச்சரிக்கை ஒலியெழுப்பவும் ஏற்பாடாயிற்று. 2006ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் தொடங்கிய வெள்ளம் 36 மணி நேரம் நீடித்தது. அதன் பின்னர் கீழிடுக்கு ஐந்து மாதம் மூடப்பட்டிருந்தது.

தொலைவிலிருந்து வந்தோர் உலா நிறுத்தப்பட்டால் மனம் வருந்துவர். தலைக்குமேல் வானம் தெளிவாயிருக்கத் தடுப்பது ஏன் என வினவுவாரும் உளர். அவர்க்குரிய விடை அவ்விடத்தின் பெயரிலேயே உள்ளது. அவ்வழகைச் சமைத்ததும் நீர். பதினொருவர் உயிரைக் கவர்ந்ததும் நீர். அந்நீர் தன் வேலையை இன்னும் முடித்திலது. நிலத்தோடு நெடுநாள் வாழ்ந்த மக்கள் இடும் பெயர் வெறும் பெயரன்று, பட்டறிவின் சுருக்கமாம். புதிய இடத்துக்குச் செல்லும் மாணவர் எவரும் ஆங்குள்ளார் வழங்கும் பெயரையும் அதன் பொருளையும் முதலிற் கேட்டறிதல் நன்று. கற்கும் கண்ணுக்கு அது விருந்து. சில வேளை உயிர்க்கும் அதுவே காப்பு.